இறக்கத்தில் ஒரு சிக்கனம்

சிக்கனத்தைப் பற்றி நாம் மதரஸாவில் பாடம் நடத்தாத ஆண்டு கிடையாது. வீண்விரயத்தை அரபியில் இஸ்ராப் என்பர்; கஞ்சத்தனத்தைப் புக்ல் என்பர்; இவ்விரண்டுக்கும் நடுவே செல்வதே நேர்வழி என்று முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றோம். ஒளுச் செய்யுமிடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக் கதை பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளின் காதைத் திருகியதும் உண்டு. அந்தப் பாடத்தில் நாமே ஒரு பிழையைச் சேர்த்துவிட்டோம். கிதாபில் இல்லாத பிழை அது; சாலையில் கற்றது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே இதை எழுதுகின்றோம்.

நம் தாய்மாமா தென்காசியில் வாடகைக்கு அம்பாஸடர் கார் ஓட்டி வந்தார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. 1980களில், மதரஸா விடுமுறை நாள்களில், நமக்கு இடம் அவருடைய முன்னிருக்கைதான். சாரல் காலம் வந்துவிட்டால் அவருக்கு ஓய்வில்லை. வெளியூர்களிலிருந்து ரயிலில் வந்திறங்குவோரை ஏற்றிக்கொண்டு, ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள குற்றாலத்துக்குப் போய், பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி என ஒன்றொன்றாய்க் காட்டித் திரும்புவார். சீசன் ஓய்ந்த மாதங்களில் செங்கோட்டை வழியே புனலூருக்கும் கொல்லத்துக்கும் சவாரி கிடைக்கும்.

ஐந்தருவியிலிருந்து திரும்புகையில், சாலை சற்றே சரியத் தொடங்கியதும், மாமா கியரைத் தட்டி நியூட்ரலுக்குத் தள்ளுவார். எஞ்சினின் இரைச்சல் அடங்கிப்போகும். நனைந்த சாலையில் டயர் உருளும் ஓசையும், மரங்களில் சாரல் விழும் ஓசையுமே கேட்கும். “இது அல்லா குடுத்த பெட்ரோலு, மருமவனே” என்பார். சிறுவராயிருந்த நமக்கு அது ஒரு கராமத்தைப் போலத் தோன்றியது. செலவின்றி ஒரு வண்டி ஓடுகின்றதே!

மாமாவைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. குறைகூறுவது நியாயமும் ஆகாது. அவர் தொழிலுக்கு வந்தது 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின். அவ்வாண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, பீப்பாய் ஒன்று சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களுக்குள் 12 டாலரை நெருங்கியது. லிட்டருக்கு ஒன்பது பத்து கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது என்றிருந்த அம்பாஸடரை வைத்துப் பிழைத்தவர்களுக்கு ஒவ்வொரு சொட்டும் சோற்றுப் பருக்கையாகவே இருந்திருக்கும். மேலும் அக்காலத்துக் கார்களில் இருந்தது கார்புரேட்டர். இறக்கத்தில் கியரைப் போட்டுவிட்டுக் காலை எடுத்தாலும், சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற, எஞ்சின் கொஞ்சம் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். நியூட்ரலில் விட்டால் அதைவிடக் குறைவாகச் செலவாகும். ஆகவே, மாமாவின் கணக்கில் உண்மை இருந்தது. படித்தவர்களும் அப்படியே எண்ணியிருக்கின்றனர். 1930இல் அமெரிக்காவின் ஸ்டூட்பேக்கர் கம்பெனி, காலை எடுத்ததும் எஞ்சினிலிருந்து சக்கரங்கள் தாமே விடுபட்டு உருளும் ஏற்பாட்டைத் தன் கார்களில் வைத்துப் பெருமையாய் விளம்பரம் செய்தது. அந்த நாகரிகம் நெடுநாள் நிலைக்கவில்லை. காரணத்தை நம்மூர் வண்டிக்காரரிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்.

பாரம் ஏற்றிய மாட்டுவண்டி சரிவில் இறங்குகையில் மாடுகள் வண்டியை இழுப்பதில்லை. கால்களை ஊன்றி, கழுத்தைப் பின்னுக்குக் கொடுத்து, நுகத்தடியால் வண்டியைத் தாங்கிக்கொண்டே இறங்குகின்றன. ஏற்றத்தில் மாட்டின் வேலை இழுப்பது. இறக்கத்தில் அதன் வேலை தடுப்பது. இறக்கம்தானே, மாட்டுக்கு ஓய்வு கொடுப்போம் என்று நடுச்சரிவில் பூட்டை அவிழ்த்துவிடும் வண்டிக்காரர் எவரும் இல்லை. நியூட்ரல் என்பது அப்படிப் பூட்டை அவிழ்ப்பதுதான். கியரில் இருக்கும்போது, காலை எடுத்தவுடன் எஞ்சின் தன் மூச்சை அடக்கிக்கொண்டு சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கின்றது. கியர் எவ்வளவு தாழ்ந்ததோ, பிடிப்பும் அவ்வளவு அதிகம். ஏறுவதற்கு எந்தக் கியரோ, இறங்குவதற்கும் அதே கியர் என்று மலைச்சாலை டிரைவர்கள் வைத்திருக்கும் வழக்கத்தின் பொருள் இதுவே.

இவற்றையெல்லாம் நாம் 2016ஆம் ஆண்டுக்குப் பின் கற்றுக்கொண்டோம் என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

கார் ஓட்டக் கற்றபோது நமக்கு நாற்பதை நெருங்கும் வயது. பழைய சிறு கார் ஒன்றைத் தவணையில் வாங்கினோம். மாமாவின் வித்தை கையில் தானாக வந்தது. மதரஸா வேலையாகக் கடையநல்லூருக்கும் செங்கோட்டைக்கும் போய்வரும்போது, நம்மிடம் ஐந்தாண்டு ஓதிய மாணவர் ஒருவர் உடன் வருவார்; லைசென்சு வாங்கிய புதிதில் அவரே ஓட்டுவார். சரிவு கண்ட இடமெல்லாம், “நியூட்ரலில் விடுங்கள் தம்பி, இஸ்ராப் கூடாது” என்போம். பெட்ரோல் கணக்கோடு நிறுத்தியிருக்கலாம். நாமோ அதற்கு மார்க்கத்தின் முத்திரையையும் குத்தினோம். ஆலிமின் வாயிலிருந்து அந்த அரபிச் சொல் வந்துவிட்டால், அப்புறம் எந்த மாணவர் எதிர்த்துக் கேட்பார்?

மகளைப் புனலூரில் கொடுத்திருக்கின்றோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதம் ஆனதும், 2016ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த மறு வாரம், அவளை அழைத்துவரப் போனோம். ரயில் இருந்திருந்தால் ரயிலில் வந்திருப்போம். செங்கோட்டை - புனலூர் மீட்டர் கேஜ் ரயில் 2010இல் நிறுத்தப்பட்டு, அகலப்பாதை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. 2018இல்தான் அவ்வழியே மறுபடி ரயில் ஓடியது. 1904இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையில், மலைப்பகுதியில் வண்டிக்கு முன்னால் ஓர் எஞ்சினும் பின்னால் ஓர் எஞ்சினும் இருக்கும். பின்னால் இருப்பது ஏற்றத்தில் தள்ளிக்கொடுப்பதற்கு என்று மட்டுமே சிறு வயதில் நினைத்திருந்தோம். இறக்கத்தில் வண்டியைப் பிடித்துக்கொள்ளவும் அதன் எடையும் பிரேக்கும் துணை என்பது தோன்றவில்லை. பதிமூன்று கண் பாலத்தின் மேல் அவ்வளவு மெதுவாக அந்த ரயில் ஊர்ந்ததே, அதைக் கண்டாவது நாம் யோசித்திருக்கலாம்.

அஸருக்குப் பின் புனலூரிலிருந்து கிளம்பினோம். முன்னிருக்கையில் நம் வீட்டினர். பின்னிருக்கையில் மகளும், துணைக்கு வந்த அவளுடைய மாமியாரும். தென்மலை, கழுதுருட்டி, ஆரியங்காவு என்று ஏறி, எல்லையைக் கடந்து கோட்டைவாசலுக்கு வந்தபோது சாரல் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து புளியரைக்குச் சாலை இறங்குகின்றது; எஸ் வளைவு என்று எல்லாரும் அறிந்த இடம். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினோம். இரைச்சல் அடங்கியது. “உன் பாட்டனார் தம்பி கற்றுத்தந்த வித்தை இது” என்று மகளிடம் உறவு முறையையே மாற்றிச் சொல்லிவிட்டோம்; அவ்வளவு உற்சாகம். அவள் தென்காசி வரைக்கும் பெட்ரோலே வேண்டாமா அத்தா என்று சிரித்தாள்.

வண்டி வேகம் பிடிக்கும்போதெல்லாம் பிரேக்கை மிதித்தோம். மிதித்து, விட்டு, மீண்டும் மிதித்தோம். மூன்றாவது வளைவுக்குள் ஏதோ கருகும் வாடை வந்தது. முன்னால் போகும் லாரியுடையது என்று எண்ணினோம். முன்னால் லாரி எதுவும் போகவில்லை. கீழிருந்து ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று, முக்கி முனகி, வளைவின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு ஏறி வந்தது. மலைச்சாலையில் ஏறுகின்ற வண்டிக்கே வழிவிட வேண்டும். நிற்பதற்காகப் பிரேக்கை மிதித்தோம். பெடல் பஞ்சுபோல் உள்ளே போயிற்று. மறுபடி மிதித்தோம், அடித்தளத்தைத் தொட்டது.

அந்த நேரத்தில் நமக்கு எந்த துஆவும் நினைவுக்கு வரவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கின்றது. கை மட்டும் கியரைத் தேடியது. மூன்றாவதில் போட முயன்றோம். பற்கள் அரைபடும் சத்தம் எழுந்ததே ஒழிய விழவில்லை. ஓடுகின்ற வேகத்துக்கும் அடங்கிக் கிடக்கின்ற எஞ்சினுக்கும் அவ்வளவு தூரம். ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்துத் தள்ளியதும் விழுந்தது. வண்டி குலுங்கித் தலை குனிந்தது. பிறகு இரண்டாவது கியர். எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தோம். மலைப் பக்கத்து ஓடையில் இடப்புறச் சக்கரங்கள் இரண்டும் இறங்கி, மண்ணில் உராய்ந்து வண்டி நின்றது. லாரி ஒரு முழ இடைவெளியில் நம்மைக் கடந்து சென்றது. அதன் டிரைவர் நம்மை ஏசவும் இல்லை. ஒரு முறை பார்த்தார், அவ்வளவே. பின்னால் திரும்பினோம். மகள் இரு கைகளாலும் வயிற்றை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை. “அத்தா” என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவள் ஒன்றும் பேசவில்லை.

அல்ஹம்து லில்லாஹ், ஒருவருக்கும் காயமில்லை. அரைமணி நேரம் ஆறவிட்டதும் பிரேக் ஓரளவு திரும்பி வந்தது. முதல் கியரிலேயே புளியரை வரை இறங்கி, அங்கிருந்து வேறு வண்டியில் பெண்களை அனுப்பிவைத்தோம்.

மறுநாள் பட்டறைக்காரர் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். “நியூட்ரல்ல விட்டு எறங்கினியளோ, ஹஜரத்?” என்று கேட்டார். ஆம் என்றோம். பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருடம் என்றார், நமக்கு நினைவில்லை. இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதே அப்போதுதான் தெரியும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. சாதாரண வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 பாகையிலேயே கொதித்துவிடக்கூடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆதலால் நாம் மிதித்த மிதியெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே போய்விட்டது. சக்கரத்துக்குச் சென்று சேரவில்லை.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருமென்று கேட்கலாம். பள்ளிக்கூடக் கணக்குத்தான். ஆள்களோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள ஒரு சிறு கார் 100 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வந்து நிற்பதானால், அது வெளியிடும் சூட்டைக் கொண்டு மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கியரில் இறங்கினால் இதில் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்கின்றது. நியூட்ரலில் இறங்கினால் காற்றும் டயரும் தாங்கியது போக, மீதி முழுவதும் நான்கு பிரேக்குகளின் தலையில். பிரேக்கையும் மிதிக்காமல் விட்டாலோ, 20 மீட்டர் இறக்கம், தடை ஏதுமில்லையெனில், நின்றிருந்த வண்டியை மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய்விடும்.

எஞ்சினையே நிறுத்திவிட்டு உருட்டுவோரும் நம்மூரில் உண்டு. அது இன்னும் பெரிய ஆபத்து. பிரேக்குக்கு வலுவூட்டும் ஏற்பாடு எஞ்சின் ஓடினால்தான் இயங்கும். நின்றுவிட்டால் ஒன்றிரண்டு மிதிக்கு மேல் அந்த உதவி கிடைக்காது, பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். சாவியைத் தவறி முழுவதும் திருப்பி உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

பட்டறைக்காரர் கடைசியாகச் சொன்னதுதான் நம்மை மிகவும் சுட்டது. “பெட்ரோல் மிச்சம்னா நெனச்சிய? இந்த வண்டியில நியூட்ரல்ல விட்டாத்தான் பெட்ரோல் போகும், ஹஜரத். கியர்ல வச்சுக் காலை எடுத்துட்டா ஒரு சொட்டுப் போகாது.” நாம் நம்பவில்லை. எதற்கும் ஆதாரம் கேட்டே பழகிய புத்தி. தேடிப் படித்தோம், அவர் சொன்னது சரியாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாடுகள் வந்தபின், நம் நாட்டுப் பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் போய், கணினி கணக்கிட்டுப் பெட்ரோலைத் தெளிக்கும் முறை வந்துவிட்டது. கியரில் இருக்கும் வண்டி இறக்கத்தில் காலெடுத்து உருளும்போது, சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால், அந்தக் கணினி பெட்ரோலை அறவே நிறுத்திவிடுகின்றது. நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணையாமலிருக்க, மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரக் கார்களில் இது இன்னும் வெளிப்படை. இறக்கத்தில் அவற்றின் மோட்டாரே மின்சாரத்தை உண்டாக்கிப் பாட்டரிக்குத் திருப்பித் தருகின்றது. பிரிட்டனின் சாலை விதிக் கையேட்டிலும் தேடினோம். நியூட்ரலில் உருட்டுவதால் எஞ்சினின் பிடிப்பு போகும், வளைவில் ஸ்டியரிங் சொன்னபடி கேளாது, அவசரத்தில் கியர் விழாது என்று, நாம் எஸ் வளைவில் பட்டதையெல்லாம் அதில் எழுதியே வைத்திருக்கின்றனர்.

ஆக, மாமா மிச்சம் பிடித்தார். நாம் அவரைப் போலச் செய்து வீணடித்தோம். எந்தச் சொல்லைச் சொல்லி மாணவரை எச்சரித்தோமோ அந்த இஸ்ராபை நாமே செய்தோம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்பை ஒப்படைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். ஒட்டகத்தின் காலைக் கட்டும் கயிற்றுக்கு அரபியில் இகால் என்று பெயர். அறிவுக்கு அக்ல் என்று பெயர். இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். இதைச் ‘ஸர்பு’ப் பாடத்தில் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகின்றோம். எழுதிய கைதான் கியரைத் தட்டிவிட்டது.

இனி அந்த மாணவர். அவர் 2014இல் சவூதிக்குப் போய், தாயிபில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். தாயிபிலிருந்து ஹதா மலைப்பாதை வழியாக உம்ராப் பயணிகளை மக்காவுக்கு அழைத்துவருவது அவருடைய வேலை. அந்தப் பாதையை அறிந்த ஹாஜிமார்கள் நேயர்களுள் பலர் இருப்பர். சுமார் 2,000 மீட்டர் உயரத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்குவது. நம் எஸ் வளைவு அதன் முன் ஒரு வாசற்படி.

பட்டறையிலிருந்து திரும்பிய அன்றே அவரிடம் பேசியிருக்க வேண்டும். இரண்டு வாரம் தள்ளிப்போட்டோம். நேரமில்லை என்று வீட்டில் சொன்னோம், உண்மையில் வெட்கம். ஆசிரியர் கொடுத்த பாடத்தை ஆசிரியரே தவறென்று சொல்வதற்கு நாக்கு எளிதில் புரள்வதில்லை. கடைசியில் மகள்தான், “அவரு வண்டியிலயும் புள்ளத்தாச்சி இருப்பாங்கல்ல அத்தா” என்றாள். அன்று இஷாவுக்குப் பின் பேசினோம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். சிறிது நேரம் பதிலில்லை. பிறகு, “நீங்க சொன்னதாச்சேன்னு ஹதா எறக்கத்துலயும் அப்படித்தான் விடுதேன், ஹஜரத்” என்றார். இரண்டு முறை பிரேக் வாடை அடித்ததாம். வண்டி பழசு என்று நினைத்துக்கொண்டாராம். இனி விடக்கூடாது, மூன்றாவதிலோ இரண்டாவதிலோ பிடித்து இறங்க வேண்டும் என்றோம். சரி என்றார். பிறகு அவராகவே, கூடத் தங்கியிருந்த டிரைவர்கள் இருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருப்பதாகச் சொன்னார். இஸ்ராப் கூடாது என்பதையும் சேர்த்தேவா என்று கேட்டோம். ஆம் என்றார்.

மகளுக்கு அக்டோபரில் பெண் பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகின்றாள். மாணவர் விடுமுறையில் வந்தபோது நம்மை ஏற்றிக்கொண்டு அதே வழியில் புனலூர் போய்த் திரும்பினார். கோட்டைவாசல் வந்ததும் மூன்றாவதுக்கு மாற்றிவிட்டு, ஓரக்கண்ணால் நம்மைப் பார்த்தார். எஞ்சின் இரைந்துகொண்டே வந்தது. நாமும் ஒன்றும் பேசாமல் அதைக் கேட்டுக்கொண்டே வந்தோம்.

அவர் சொல்லிக்கொடுத்த இருவரில் ஒருவரிடம் அவரே பேசிவிட்டார். மற்றவர் அதற்குள் வேலை மாறி அப்ஹா பக்கம் போய்விட்டார், அதுவும் மலைநாடு. பழைய எண் இப்போது இல்லை. நாமும் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டோம். நேயர்களின் வீடுகளில் அங்கே வண்டி ஓட்டுகின்ற பிள்ளைகள் இருந்தால், இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டக் கேட்டுக்கொள்கின்றோம். அவர் கடையநல்லூர்ப் பக்கத்தவர் என்று மட்டும் தெரிகின்றது.